மூன்று பேருக்கு இரண்டு சக்கரம்

காட்டுவிளையில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை என்பதால் அப்படியே புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் செல்லையன். காட்டுவிளை முக்கில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், கூடவே இரும்பு கடைய ஒரு சின்ன லேத்தும் உண்டு. முப்பது வருடமாக இந்த ஊருக்கு ஜன்னலும் கிரில்லும் செய்து கொடுத்து, கூடவே இலவசமாகப் புத்திமதியும் சொல்லி வருகிறேன். ஜன்னலைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. புத்திமதியைப் பற்றி ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் சொன்னதைக் கேட்காததால் வந்த வினை இல்லை, சொன்னபடியே செய்ததால் வந்தது.

செய்தவர்கள் மூன்று பேர். தாசையன், யோவேல், எபநேசர். கூடப்பிறந்தவர்கள். இவர்களுடைய அப்பன் சாகும்போது மூன்று பேரையும் கூப்பிட்டு, "எல்லாத்தையும் மூணாப் பிரிச்சுக்கிடுங்க மக்களே. ஒருத்தன் பங்குல மத்தவன் தலையிடப்படாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மனுஷன் விளை நிலத்தைப் பற்றியும் தென்னையைப் பற்றியும் சொல்லியிருப்பார். பிள்ளைகள் "எல்லாத்தையும்" என்பதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

கிணற்றில் கயிறு தாசையனுக்கு, வாளி யோவேலுக்கு, கப்பி எபநேசருக்கு. ஒருவன் வெளியூர் போனால் மற்ற இருவரும் குளிப்பதில்லை. ஜீப்பையும் அப்படியே பிரித்தார்கள். ஸ்டியரிங்கும் ஆக்சிலேட்டரும் மூத்தவன் தாசையனுக்கு. பிரேக் யோவேலுக்கு. கியரும் ஹாரனும் எபநேசருக்கு. யோவேல் நடுவில் உட்கார்ந்து, அண்ணன் காலுக்கு மேலே தன் காலை நீட்டி, பிரேக்கில் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்வான். எபநேசர் தன் பக்கத்தில் ஹாரனுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டான். அந்த ஜீப் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போனதாக ஊரில் சாட்சி கிடையாது.

அப்பன் தெளிவாக இருந்தபோது செய்த ஒரே காரியம், தேனீப் பெட்டி முப்பதையும் மகள் லில்லிபாய்க்குக் கொடுத்தது. இவர்களுக்கெல்லாம் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மூன்று தம்பிகளை வளர்த்த பிறகு அந்த ஆசை யாருக்கும் வராது என்பது என் கருத்து.

எங்கள் பக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும் சமயத்தில் அந்தத் தளிர்க் காம்பில் தேன் ஊறும். தேனீக்காரர்களுக்கு வருடத்தில் அது ஒன்றுதான் அறுவடை. பெட்டிகளை அதற்குள் எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். போன வருடம் ஒரு டெம்போ டிரைவர், பாதி வழியில் பெட்டி ஒன்று திறந்துகொண்டதில், வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினார். அதிலிருந்து தேனீ என்றாலே எந்த டிரைவரும் வண்டி தருவதில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் லில்லிபாய் தம்பிகளோடு என் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, எஸ்டேட்டு சூப்பர்வைசரு எனக்கு நல்ல பிளாக்கா ஒண்ணு தந்திருக்காரு. திங்கக்கிழமை காலம்பற ஒம்பது மணிக்குள்ள பெட்டி அங்க இருக்கணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவாராம். ஜீப்புக்குப் பின்னால கட்டி இழுக்க ஒரு சின்ன டிரெய்லரு வேணும். இந்த சீசன் கையை விட்டுப் பெய்யிட்டுன்னா அடுத்த வருஷம்வர எனக்கு ஒண்ணும் இல்ல."

"அதுக்கென்ன, நானே செஞ்சு தாறேன்" என்றேன்.

தாசையன் கையைக் காட்டி நிறுத்தினான். "அது நடக்காது மேஸ்திரி. நீரு செஞ்சா நாலு பங்காயிரும். அப்பன் மூணுன்னுல்லா சொன்னாரு."

"ஒரு டிரெய்லரை எப்பிடிலே மூணாப் பிரிப்பிய?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றை நான் கேட்டுவிட்டதுபோல அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம்.

"ஆக்ஸில் ஒண்ணு" என்றான் தாசையன்.

"இடத்து சக்கரம் ஒண்ணு" என்றான் யோவேல்.

"வலத்து சக்கரம் ஒண்ணு" என்றான் எபநேசர்.

பங்கு பிரிப்பதற்கென்றே கடவுள் படைத்த வண்டி. நான் வாயை மூடியிருக்கலாம். முப்பது வருடப் பழக்கம் விடுமா. ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, ஆக்ஸில், சக்கரத்தின் நடுவில் வரும் ஹப், டயர் என்று வரிசையாகப் புத்திமதி சொன்னேன்.

"தாசையா, முப்பது பெட்டி, எட்டு ஆளுக்க எடை வரும். எட்டு ஆளைத் தாங்குக ஆக்ஸிலா பாத்து எடு. ஹப்பு எப்பிடிப் பாக்கணும்னா, கையால சுத்திவிட்டா சத்தம் போடப்படாது. கரகரன்னு கேட்டா பேரிங்கு பெய்யிட்டுன்னு அர்த்தம். பெறகு டயரு. சின்ன டயருன்னா தட்டு தாழ நிக்கும், பெட்டி ஏத்த லேசு. பெரிய டயருன்னா குண்டு குழியில இறங்காது, தேனடை உடையாது. ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கிடுங்க. கடைசியா, தட்டு மட்டமா இருக்கணும். ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்."

மூன்று பேரும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. நானும் மகிழ்ந்து போனேன்.

வெள்ளிக்கிழமை காலை தாசையன் பழைய இரும்புக் கடைக்குப் போனான். தனியாகப் போகவில்லை. சர்ச் பாடகர் குழுவிலிருந்து ஆண்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் ஏதோ சாவு என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாராம்.

அங்கே நாலரை அடி நீளத்தில், ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஆக்ஸில் கிடந்தது. இதற்கென்றே செய்ததுபோல இருந்திருக்கும். தாசையன் அதை இரண்டு கல்லின் மேல் வைத்து, பாடகர்களை உட்காரச் சொன்னான். மூன்று பேர்தான் உட்கார முடிந்தது. நாலாவது ஆள் விளிம்பில் தொற்றிப் பார்த்துக் கீழே விழுந்தார்.

"இது மூணு ஆளுதான் தாங்கும்" என்று தள்ளிவிட்டான்.

கடைக்காரர், "வோய், ஒருத்தருக்க மடியில ஒருத்தரு இரிங்க" என்று வழி சொல்லியிருக்கிறார். தாசையன் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டிகள் ஒன்றின் மடியில் ஒன்று உட்காருமா என்று கேட்டானாம். அதில் ஒரு நியாயம் இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

கடைசியில் பன்னிரண்டு அடி நீளமுள்ள கனத்த சதுரக் கம்பி ஒன்று கிடைத்தது. எட்டுப் பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். கம்பி அசையவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தாயிற்று என்று ஞாயிறு ஆராதனைக்கான பாட்டையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

பன்னிரண்டு அடிக் கம்பியைச் சுமந்துகொண்டு அவர்கள் சாயங்காலம் பட்டறைக்கு வந்தபோது நான் தலையில் கை வைத்தேன். எங்கள் ரோடே பத்தடிதான்.

"இதை எங்கலே ஓட்டுவ? நாலு, நாலடியா இருந்தாத்தான் ஜீப்புக்க தடத்துல ஓடும். வெட்டிக் கொண்டா, முனையைக் கடைஞ்சு தாறேன்."

மறுநாள் விடிந்ததும் கொண்டுவந்தான். நாலடி, நாலடி, நாலடி. மூன்று துண்டு. ஒரு துண்டு போதாதா என்றேன்.

"நாலு நாலடியான்னு நீருதானே சொன்னீரு. நாலாவதுக்குக் கம்பி தெகையல" என்றான் மன்னிப்பு கேட்கும் குரலில். மீதி இரண்டு துண்டையும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, அவையும் ஆக்ஸில்தான், ஆக்ஸில் தன் பங்குதான், எனவே டிரெய்லர் போகுமிடமெல்லாம் அவையும் வரும் என்று சொல்லிவிட்டான். தட்டில் படுத்தபடியே பயணம் செய்யும் இரண்டு ஆக்ஸில்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

யோவேலின் ஹப் கதை இன்னும் நன்றாக இருக்கும். அவனும் வெள்ளிக்கிழமையே கடைக்குப் போய் ஒரு ஹப்பைச் சுத்திவிட்டுக் காதை வைத்திருக்கிறான். பக்கத்துக் கடையில் தகரம் அடிக்கிறார்கள், ரோட்டில் பஸ் போகிறது. ஹப்பின் சத்தம் எது, பஸ்ஸின் சத்தம் எது என்று தெரியவில்லை. நல்ல அமைதியான இடம் வேண்டும் என்று யோசித்தான். அன்றைக்கு சர்ச்சில் உபவாச ஜெபம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு ஹப்பை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு போனான்.

போதகர் எல்லோரையும் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. யோவேல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் ஹப்பைச் சுத்திவிட்டான். அது ஆடு அறுபடுவதுபோல் கத்தியதாக என் மனைவி சொன்னாள். அவள் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். போதகர் கண்ணைத் திறந்தார். யோவேல் எழுந்து நின்று, "இது பேரிங்கு பெய்யிட்டுது ஐயரே" என்று பணிவாகத் தகவல் சொல்லிவிட்டு, இரண்டாவதைச் சுத்தினான். அது சத்தமே இல்லாமல் ஜெபம் முடியும்வரை சுற்றியதாம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த ஜில்லாவிலேயே அவ்வளவு ஒழுங்காகச் சோதித்து வாங்கிய ஹப் வேறு இருக்காது. எபநேசர் தனக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டான். அண்ணன் பங்கில் தலையிடக் கூடாதே தவிர, பார்த்துச் செய்யத் தடையில்லை என்பது அவன் வாதம்.

முனைகளை லேத்தில் கடைந்து, ஹப் இரண்டையும் மாட்டிப் பார்த்து, சனிக்கிழமை மத்தியானம் கொடுத்து அனுப்பினேன். தட்டும் சக்கரமும் வீட்டில் வைத்தே மாட்டிக்கொள்கிறோம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அவர்கள் போனதே பெரிய காரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை, லில்லிபாய் வாசலில் நின்றாள். "அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. எனக்கு என்ன சொல்லணும்னே தெரியல."

போய்ப் பார்த்தேன். டிரெய்லர் முற்றத்தில் நின்றது. நின்றது என்று சொல்லக் கூடாது, ஒரு பக்கமாகச் சாய்ந்து எதையோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. இடதுபக்கம் ஜீப்பின் பெரிய சக்கரம். வலதுபக்கம் ஆட்டோ ரிக்சாவின் சின்னச் சக்கரம். நடுவில் அரையடி உயர வித்தியாசம்.

"இது என்னலே கூத்து?"

"நீரு ரெண்டுல ஒண்ணை எடுக்கச் சொன்னீரு" என்றான் யோவேல். "நான் பெருசை எடுத்தேன்."

"நானும் ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்தேன்" என்றான் எபநேசர். "சின்னதை."

நான் சொன்னதில் தவறு கிடையாது. அவர்கள் செய்ததிலும் கிடையாது. தவறில்லாமல் இவ்வளவு பெரிய தவறு எப்படி உண்டாயிற்று என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"சரி, ஆளுக்கொண்ணு எடுக்கும்போது ஒருத்தன்கிட்ட ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"அப்பம் அது தலையிட்டது ஆவாதா?" என்று கேட்டான் எபநேசர். அவன் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது.

வெவ்வேறு அளவு ரிம் இரண்டும் ஒரே மாதிரி ஹப்பில் எப்படிப் பொருந்தியது என்றும் கேட்டேன். டிரில் இருந்தால் எல்லாம் பொருந்தும் என்றார்கள். அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

லில்லிபாய் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, எல்லாக் கடையும் அடைப்பு. நாளைக்கு ஒன்பது மணி கெடு. எனக்கு மனசு கேட்கவில்லை. "தட்டு மட்டமா இருக்கணும்னு சொன்னேனே, அதையாவது பாத்தியளா?" என்றேன்.

"பாத்தோம். இங்க இல்ல, ரோட்டுல" என்றான் தாசையன். "ஆக்ஸில் நேராத்தான் இருக்கு மேஸ்திரி. நீரே கடைஞ்சது. முற்றம்தான் சரியில்ல."

மூன்று பேரும் டிரெய்லரை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர் ரோடு ஆனப்பாறை மலையைச் சுற்றிப் போகிறது. அதைப் போட்ட காண்டிராக்டர் தன் ஆயுளில் மட்டக்கோலைக் கண்டவர் இல்லை. மலை இருக்கிற பக்கம் உயரம், பள்ளத்துப் பக்கம் தாழ்வு, முழு ரோடும் அப்படியேதான். எஸ்டேட் போகிற திசையில் டிரெய்லரை நிறுத்தினார்கள். பெரிய சக்கரம் தாழ்ந்த பக்கம், சின்னச் சக்கரம் உயர்ந்த பக்கம். எபநேசர் ஒரு சில்வர் கிண்ணத்தில் பாதி தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்தான். தண்ணீர் கண்ணாடியாக நின்றது. அப்படி ஒரு மட்டத்தை நான் பட்டறையில்கூட எடுத்ததில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கே அது சரியென்று பட்டது. நாலு நாள் கூடப் பழகிய தோஷம்.

"எஸ்டேட்டு வரைக்கும் மலை வலத்து பக்கம்தான். போயிரலாம்" என்றேன் லில்லிபாயிடம்.

"திரும்பி வரும்போ?" என்றாள்.

"காலி வண்டிதானே. அப்பம் பாத்துக்கிடலாம்."

பிறகுதான், என் வாயில் சனி. பெட்டி வாசலை அடைத்துக் கொண்டுபோகும்போது வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது, நின்றால் உள்ளே சூடேறித் தேனீ செத்துப்போகும். அதை மனதில் வைத்து, கிளம்பும் முன் ஓட்டுநர்கள் மூவருக்கும் கடைசிப் புத்திமதி சொன்னேன். "கிண்ணத்தை மேல்பெட்டியில வச்சுக் கெட்டுங்க. தண்ணி சிந்தாதவரைக்கும் எங்கயும் நிறுத்தப்படாது. ஓட்டிக்கிட்டே இருங்க. சிந்திச்சுன்னா மட்டம் தப்பிட்டுன்னு அர்த்தம். ஒடனே நிறுத்திரணும்."

மூன்று பேரும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை வெள்ளென, தேனீக்கள் கூட்டை விட்டுக் கிளம்பும் முன் வாசலை அடைத்து, முப்பது பெட்டியையும் ஏற்றிக் கட்டி, ஜீப் புறப்பட்டது. லில்லிபாயும் நானும் என் மொபெட்டில் முன்னால் போய், ஆறு கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட் பிளாக்கில் காத்திருந்தோம். சூப்பர்வைசரும் கடிகாரத்தோடு நின்றார்.

ஆறரை மணிக்கு வளைவில் ஜீப்பின் மூக்கு தெரிந்தது. பின்னால் டிரெய்லர், ஒரு பக்கமும் சாயாமல், சப்பரம் மாதிரி வந்தது. லில்லிபாய் முகத்தில் நாலு நாளில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். எபநேசர் ஹாரன் அடித்தான். தாசையன் தலையை அசைத்தான். ஜீப் எங்களைத் தாண்டிப் போயிற்று.

"நிறுத்துங்கலே" என்று லில்லிபாய் பின்னால் ஓடினாள்.

"சிந்தலக்கா" என்று பெருமையோடு பதில் வந்தது.

நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு விரட்டி, ஜீப்புக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். பத்து கிலோமீட்டர் வேகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது.

"யோவேலு, பிரேக்கைச் சவிட்டுலே. எடம் பின்னால பெய்யிட்டு."

"தண்ணி சிந்தினா நிறுத்தச் சொன்னீரு. இன்னும் சிந்தல்லியே மேஸ்திரி."

"இப்பம் நான் சொல்லுதேன், நிறுத்து."

யோவேல் வருத்தத்தோடு என்னைப் பார்த்தான். "நேத்து ஒண்ணு சொன்னீரு, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதீரு. எதை நம்புகது?"

"நேத்து சொன்னதுதான் யோசிச்சுச் சொன்னது" என்றான் எபநேசர். "இப்பம் அவரு பதட்டத்துல இருக்காரு."

"தாசையா, நீயாவது ஆக்சிலேட்டரை விடப்படாதா?"

"நான் விட்டா வண்டி நிக்கும். நிறுத்துகது யோவேலுக்க பங்கு" என்றான் தாசையன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பிக்க பங்குல நான் கை வைக்க மாட்டேன்."

பெட்ரோல் தீர்ந்து என் மொபெட் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு திரும்பி வரும்போது ஏழரை. ரோடு மலையைச் சுற்றி எங்கள் ஊருக்கே திரும்பி, மறுபடியும் இங்கே வரும். மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர். மலை முழுக்க வலதுபக்கம், சரிவு முழுக்க இடதுபக்கம். எங்கேயும் மட்டம் தப்பாது. பிரச்சினை என்னவென்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அந்தத் தண்ணீர் சிந்தவே போவதில்லை.

"ஒரு சுத்துக்கு ரெண்டே கால் மணி நேரம்" என்றேன். "எட்டே முக்காலுக்கு மறுபடியும் இதே வழியா வருவானுவ. மறுபடியும் போவானுவ."

லில்லிபாய் வெயிலைப் பார்த்தாள். மலைக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. "வாசல் அடைச்ச பெட்டி அண்ணே. ஒம்பது மணிக்கு மேல வெயில்ல கெடந்தா உள்ள வெந்து பெய்யிரும். முப்பதும் பெய்யிரும்." சூப்பர்வைசர் தன் பங்குக்கு மணி சொன்னார்.

லில்லிபாய் தோட்டத்துக்குள் போய் ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். ரோட்டின் மேட்டுப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டாள். எதற்கு என்று கேட்டேன்.

"அவனுவளுக்கு ஏதாவது சொன்னாத்தானே அண்ணே செய்வானுவ. நான் ஒண்ணும் சொல்லப் போவல."

எட்டு ஐம்பதுக்கு ஜீப் வந்தது. அதே வேகம், அதே பெருமை. எபநேசர் ஹாரன் அடித்தான். தாசையன் தலையை அசைத்தான். டிரெய்லர் தனக்கு நேராக வந்ததும் லில்லிபாய் கம்பை நீட்டி, மேல்பெட்டியில் இருந்த கிண்ணத்தை ஒரு தட்டு தட்டினாள். கட்டின கயிறு கிண்ணத்தை விடவில்லை, தண்ணீர் மொத்தமும் கொட்டியது.

"சிந்திட்டு" என்று கத்தினான் எபநேசர்.

யோவேல் பிரேக்கைச் சவிட்டினான். ஜீப் பிளாக்கின் வாசலில், அளந்து நிறுத்தியதுபோல நின்றது. மணி எட்டு ஐம்பத்தொன்று. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லாத வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டார்.

எஸ்டேட் ஆட்களோடு சேர்ந்து பெட்டிகளை இறக்கி, நிழலில் வைத்து, வாசலைத் திறந்தோம். தேனீக்கள் உயிரோடு வெளியே வந்தன. முப்பது பெட்டியில் ஒரு அடைகூட உடையவில்லை. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஊர்வலம் போயும் உடையவில்லை என்றால், அந்த ஹப்பையும் டயரையும் ஆக்ஸிலையும் நான் என்ன சொல்லித் திட்டுவது. லில்லிபாய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து அடுத்த வேலையைப் பார்த்தாள்.

தம்பிகள் மூன்று பேரும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"எறங்குங்கலே, கஞ்சி குடிச்சிட்டுப் போலாம்" என்றேன்.

"நிறுத்தச் சொன்னீரு, நிறுத்தியிருக்கோம்" என்றான் யோவேல், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல். "மறுபடி எப்பம் எடுக்கணும்னு நீரு சொல்லல்லியே."

இனிமேல் இவர்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று காலையில்தான் சபதம் எடுத்திருந்தேன். சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் ஆயிற்று.

அவ்வளவு தூரம் குலுங்கி வந்ததில் ஒரு பெட்டித் தேனீக்கு மட்டும் புது இடம் பிடிக்கவில்லை போலும். ராணியோடு மொத்தக் கூட்டமும் பெட்டியை விட்டுக் கிளம்பியது. மரத்துக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, உட்கார இடம் தேடி, நேராக ஜீப்புக்குள் இறங்கி, ஸ்டியரிங்கில் கொத்தாகத் தொங்கியது. தாசையன் இரண்டு கையையும் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மூச்சு விடுகிறானா என்றே தெரியவில்லை. ஒரு சத்தம் கேட்டால் போதும், அத்தனை தேனீயும் கிளம்பிக் கொட்டிவிடும். லில்லிபாய் கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "அவனை மெள்ள அந்தப் பக்கமா இழுத்து எறக்குங்கலே" என்று மற்ற இருவரையும் கெஞ்சினாள்.

ஸ்டியரிங் தாசையனின் பங்கு. யோவேல் தலையிடவில்லை. எபநேசர் மட்டும் மனசு கேட்காமல், அண்ணனுக்கு உதவியாகத் தன் பங்கில் இருந்த ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்தான்.